முன்கொம்புக்காரனும் உழுத்தங்களியும்

"சைவக்காரனுக்கு உடம்பு வருமோ, மாஸ்டர்?"

தம்பிமாரே, இந்த உடற்பயிற்சிக் கொட்டிலின் திறப்பு உங்கள் கைக்கு வந்த முதல் கிழமையிலேயே யாராவது ஒருவர் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து இதைக் கேட்பார். நான் பொறுப்பெடுத்த புதிதில் என்னிடமும் கேட்டார்கள். விலங்கியல் படித்த துடிப்பில், கேள்வி முடியுமுன்னே "ஏன் வராது? யானை என்ன ஆடு தின்றா வளருது?" என்று பதில் சொல்லிவிட்டு, நான் சொன்னதை நானே ரசித்துச் சிரித்தேன். கேட்டவர் சிரிக்கவில்லை. யானைக்கு இரைப்பை வேறு, அவருக்கு வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வருகிற மாதம் நான் வன்னிக்குப் போகிறேன். அங்கே ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர் வேலை. பாரத்தை எப்படிப் பிடிப்பது, முதுகை எப்படி வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் இரண்டு பேர் என்னைவிடச் சுத்தமாகத் தூக்குவீர்கள். அதனால் அவற்றை எழுதவில்லை. அந்த முதல் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்ல எனக்கு ஒரு மாசி தொடங்கி ஒரு ஆடி வரைக்கும் எடுத்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

கொட்டிலை உங்களுக்குத் தெரியும். வாசிகசாலைக்குப் பின்னால் தகரக் கூரை, பழைய வண்டில் அச்சு, இரண்டு பக்கமும் பால்மாத் தகரப் பேணிகளில் வார்த்த சீமெந்துக் குண்டுகள். அவை சீமெந்து கிடைத்த காலத்தில் செய்தவை, இனி உடைந்தால் மாற்று இல்லை. அப்போது சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகையில் இருந்து கிழித்தது. மலைபோல் ஒரு மனிதன், அவன் முன்னால் ஒரு தட்டில் இறைச்சி, இன்னொரு தட்டு நிறைய முட்டை. சோறு என்ற ஒன்று அந்த மேசையில் இல்லவே இல்லை. எங்கள் ஆட்கள் உடற்பயிற்சி பற்றிக் கற்ற பாதிப் பாடத்தை அந்தப் படத்தில் இருந்துதான் கற்றார்கள்.

அந்த மாசியில் ஒரு பின்னேரம் சிவபாலன் அண்ணை வந்தார். உரும்பிராயில் வெங்காயமும் மரவள்ளியும் செய்கிறவர். தோள்கள் வாசலை அடைத்துக்கொண்டு வரும் மனிதர். அன்றைக்கு அவர் வாசலில் இடம் விட்டு வந்தார். நெருப்புக் காய்ச்சல் அவரை மார்கழி முழுக்கப் பாயில் கிடத்திவிட்டிருந்தது.

உள்ளே அன்ரன் பாரம் தூக்கிக்கொண்டு நின்றான். குருநகர்க் கடலில் வலை இழுத்து வளர்ந்த உடம்பு. ஷெல்லடியில் வீட்டை விட்டு இங்கே சொந்தக்காரர் வளவில் வந்து இருந்தான். கொட்டிலில் அவனை மிஞ்சித் தூக்க ஆளில்லை. வாயாலும் அவனை மிஞ்ச ஆளில்லை.

"ஆரது, பாலண்ணையின்ரை சேட்டைக் களவெடுத்துப் போட்டுக்கொண்டு வாறது?" என்றான்.

சிவபாலன் அண்ணை சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாஸ்டர், ஆடிக்கிடையிலை எனக்குத் தோள் வேணும்" என்றார்.

ஏன் என்று ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். வெளியில் இருந்து வந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வாகனத்தைத் தூக்குவது ஆட்களின் தோள்தான். வாகனத்துக்கு அடியில் கட்டியிருக்கும் நீண்ட மரங்களைக் கொம்பு என்போம். முன்னால் வலப்பக்கக் கொம்பில் முதல் ஆளாக நிற்பது சிவபாலன் அண்ணையின் தகப்பன் நின்ற இடம். தகப்பனுக்குப் பிறகு இவர். ஒரு வருடம் அந்த இடத்தில் இன்னொருவன் நின்றால் அது அவனுடையதாகிவிடும். எழுதி வைத்த சட்டம் அல்ல. ஆனால் மீறினவர்களும் இல்லை. இன்னொன்றும் உண்டு. மற்றவர்கள் வழியில் தோள் மாற்றிக்கொள்வார்கள். முன்கொம்புக்காரன் மட்டும் மாற்றக் கேட்கமாட்டான். கேட்டால் மானம் போய்விடும்.

நாலைந்து நாள் கழித்துக் கோயில் தலைவர் கொட்டில் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என்னை வெளியில் கூப்பிட்டார்.

"தம்பி, கொடியேத்தத்துக்கு முதல் நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும். பாலன் முன்னுக்கு நிக்கலாமோ, நிக்கேலாதோ?"

"அவரையே கேளுங்கோவன், ஐயா."

"அவனைக் கேட்டால் பாடையிலை கிடந்தும் ஓமெண்டுதான் சொல்லுவான். அதுதான் உம்மட்டை வாறன்."

இருபத்தைந்து வயதில் என் தலையில் ஏறிய பாரம் அதுதான். ஓம் என்று சொல்லி அவர் சரிந்தால், அந்த மரத்தின் கீழ் நிற்கிற எல்லோரும் சரிவார்கள். இல்லை என்று சொன்னால் அவருடைய தகப்பனின் இடத்தை நான் பறித்தவனாவேன்.

பயிற்சியைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன். மெதுவாகத் தொடங்கினோம், அவ்வளவுதான். பிரச்சினை சாப்பாட்டில் இருந்தது. சிவபாலன் அண்ணையின் வீடு வழிவழியாகச் சைவம். மீன், இறைச்சி, முட்டை எதுவும் அடுப்படிக்குள் போகாது. பசு நின்றது, ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு பால் அவருடைய வயிற்றில் நிற்கவில்லை. குடித்தால் குழப்பிவிடும். ஆக மரஞ்செடி தருவதில் மட்டும் ஒரு மனிதனுக்குச் சதை கட்டவேண்டும். அதுவும் கடைகளில் பாதி இறாக்கை வெறுமையாகக் கிடந்த வருடத்தில்.

"பாலண்ணை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு முட்டையைக் குடியுங்கோ. அம்மனுக்கு நான் சொல்லமாட்டன்" என்றான் அன்ரன்.

"உன்ரை மாதாவுக்கு நீ எல்லாம் சொல்லிப்போட்டோ செய்யிறனீ?"

"அவவுக்குச் சொல்லத் தேவையில்லை. குருநகரிலை எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

இப்படிப் பகிடியாகப் போன மாதங்களில் அண்ணையின் உடம்பு மட்டும் ஏறவில்லை. சங்கக்கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் அவரை ஏற்றிப் பார்ப்போம். முள் போன கிழமை நின்ற இடத்திலேயே நிற்கும். சங்கக்கடை மனேஜர் "சீனி மூட்டையும் இப்பிடித்தான், ஏத்தினதெல்லாம் வந்து சேருறேல்லை" என்பார்.

சித்திரையில் ஒரு நாள் அவருடைய மனைவி தவமணி அக்கா கொட்டிலுக்கே வந்துவிட்டார். பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. அன்ரன் அவசரமாகச் சேட்டைத் தேடினான்.

"தம்பி, இந்த மனிசனுக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறீர்? சோத்தைக் கண்டால் கையை எடுக்கிறார். ஒரு சட்டி பயறு அவிச்சு, அதை மட்டும் மாடு மாதிரி மெண்டுகொண்டிருக்கிறார். வயிறு ஊதிப்போய் இரவிரவாய் நித்திரையில்லை. அவருக்கும் இல்லை, பக்கத்திலை படுக்கிற எனக்கும் இல்லை."

கொட்டிலே சிரித்தது. அண்ணை சுவரைப் பார்த்தார். நான் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தேன். அந்தப் படம். இறைச்சிக்குப் பதிலாகப் பயறு, முட்டைக்குப் பதிலாகக் கடலை, சோறு இல்லவே இல்லை. படத்தில் இருந்ததை அவர் சைவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோறு தின்றால் தொந்தி, பயறு தின்றால் பலம் என்பது எங்கள் கொட்டிலில் எல்லோரும் நம்பிய கதை. அதை மறுத்துச் சொல்லவேண்டியவன் நான். பயிற்சியைப் பார்த்த அளவுக்குப் பானையை நான் பார்த்திருக்கவில்லை.

அன்றைக்கு அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் இதைப் பலமுறை சொல்லவேண்டி வரும்.

"அண்ணை, சதை கட்டுற புரதம் ஒரு சாமான் இல்லை, பல துண்டு சேர்ந்தது. அதிலை சில துண்டுகளை உடம்பு தானாய்ச் செய்யாது. சாப்பாட்டிலைதான் வரவேணும். அதிலை ஒண்டு குறைஞ்சாலும் மிச்சம் எவ்வளவு கிடந்தும் முழுப்பலன் இல்லை. நீங்கள் கொம்பு தூக்கிறனீங்கள்தானே? நாலு பேரிலை ஒருவன் கட்டையன் எண்டால் வாகனம் எவ்வளவுக்கு உயரும்?"

"கட்டையன்ரை தோளளவுக்கு."

"மற்ற மூண்டு பேரும் பனையளவு நிண்டாலும்?"

"நிண்டாலும். அவை குனியவேணும்."

"பயறிலை ஒரு கட்டையன் நிக்கிறான். அரிசியிலை வேறொரு கட்டையன். ஆனா பயறிலை கட்டையாய் நிக்கிறவன் அரிசியிலை நெட்டையன். அரிசியிலை கட்டையன் பயறிலை நெட்டையன். ரெண்டையும் சேர்த்து நிறுத்தினால்?"

"வாகனம் நேராய்ப் போகும்" என்றார்.

"அப்ப சோத்தை விட்டது பிழையோ?" என்று தவமணி அக்கா கேட்டார்.

"பிழைதான் அக்கா. சோறும் வேணும், பயறு பருப்பும் வேணும். ஒரே வாயிலை கலந்துதான் விழுங்கவேணும் எண்டில்லை. ஒரு நாளுக்குள்ளை ரெண்டும் போதுமானளவு போனால் சரி. கூட எள்ளு, கச்சான் கடலை, கீரை. வயிறு ஊதுறதெண்டால் பயறை ஊறவைச்சு முளைக்க விடுங்கோ. இல்லாட்டி அரைச்சுக் குடுங்கோ."

"அரைச்செண்டால் உழுந்து அரைக்கலாம். போன மாதம் மகள் பெரிசான நேரம் உழுத்தங்களி கிண்டின மா இன்னும் கிடக்குது. அவளுக்கு அதைத் தின்னத் தின்னக் கன்னம் வைச்சிட்டுது. இவரும் சட்டியைச் சுரண்டினவர். பிறகு வெக்கப்பட்டு விட்டிட்டார்."

நான் எழுந்து நின்றேன் என்று நினைக்கிறேன். உழுத்தங்களியில் என்ன இருக்கிறது? உழுத்தம்மா, அரிசிமா, பனங்கட்டி, தேங்காய்ப்பால், நல்லெண்ணெய். நெட்டையனும் கட்டையனும் ஒரே சட்டியில். காய்ச்சலில் இருந்து எழும்பியவனுக்கு வேண்டிய எண்ணெயும் இனிப்பும் வேறு. அரைத்துக் கிண்டியது, வயிற்றுக்கும் சுகம். புத்தகத்திலும் சஞ்சிகையிலும் தேடியதை ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் யாருக்கு? பெரிசான பெண்பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும். ஒரு முன்கொம்புக்காரனுக்கு அல்ல.

"அக்கா, ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு கோப்பை இவருக்குக் குடுங்கோ."

அண்ணையின் முகம் கறுத்தது. "மாஸ்டர், உது பொம்பிளைப்பிள்ளையளின்ரை சாப்பாடு. ஊருக்குள்ளை தெரிஞ்சால் கொம்பிலை ஒருத்தனும் எனக்குப் பக்கத்திலை நிக்கமாட்டான்."

அவரைக் குறைசொல்லாதீர்கள். சாப்பாடு வயிற்றுக்குள் போகுமுன் ஊர் வாய்க்குள் போகிறது. நீங்கள் எவ்வளவு சரியான சாப்பாட்டைச் சொன்னாலும், சாப்பிடுகிறவன் அதோடு தலைநிமிர்ந்து இருக்கமுடியாவிட்டால் அது அவனுக்குச் சேராது. நான் அமினோ அமிலம் பற்றி விளக்கத் தொடங்கினேன். ஒரு பலனும் இல்லை. அண்ணை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் எல்லோரும் கூடியிருக்கிற நேரத்தில் அன்ரன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தான். தவமணி அக்காவிடம் போய்க் கேட்டு வாங்கி வந்திருந்தான். கொட்டில் நடுவில் சம்மணம் கட்டி இருந்து மூடியைத் திறந்தான். நல்லெண்ணெய் வாசம் தகரம் வரைக்கும் போனது.

"உதென்னடா?" என்றார்கள்.

"உழுத்தங்களி" என்றான், ஒரு பெரிய உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு. "நான் இண்டைக்குப் பெரிசாகிட்டன். எனக்கு எப்ப தண்ணி வாக்கிறியள்? ஆர் மாமன்மார், முன்னுக்கு வாங்கோ. சீலை வாங்கினியளோ?"

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் சட்டியை வழித்தான். பிறகு எழுந்து, அச்சில் அன்று வரை யாரும் ஏற்றாத அளவு குண்டுகளை ஏற்றித் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினான். அது ஒரு சட்டி களி தந்த பலம் அல்ல என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. எப்போது விளக்கம் சொல்லாமல் இருக்கவேண்டும் என்பதையும் இந்த வேலை கற்றுத் தரும்.

"எனக்கும் கொஞ்சம் வைச்சிருக்கலாமே" என்று ஒருவன் சொன்னான்.

அடுத்த கிழமை கொட்டிலுக்கு ஒரு பெரிய சட்டி வந்தது. முறை வைத்து வீடுகளில் கிண்டினார்கள். சிவபாலன் அண்ணை எல்லோருக்கும் நடுவில் இருந்து சாப்பிட்டார், எல்லோரையும்விடக் கூடச் சாப்பிட்டார். கன்னத்தில் ஒட்டிய களியைத் துடைத்துவிட்டு "டேய் அன்ரன், உனக்குத் தண்ணி வாக்கிற அண்டைக்கு நான்தான் மாமன்" என்றார். அன்ரன் செய்த நன்மை அது. அவனுக்குக் கோயிலும் இல்லை, கொம்பும் இல்லை. அன்றைக்கு அவன் தன் மானத்தைக் கொஞ்சம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தான். இன்றைக்கும் அதை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

சங்கக்கடைத் தராசின் முள் வைகாசியில் அசைந்தது. ஆனியில் சேட்டு மறுபடி தோளில் பிடித்தது. காலையில் புட்டும் பயற்றங்கறியும், மத்தியானம் சோறும் பருப்பும் கௌப்பிப் பயறும் கீரையும், பின்னேரம் களி, இடையில் எள்ளுருண்டை. வேறு மந்திரம் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மிசின் நின்றுபோக, ஊரே திரும்பக் கிணற்றுத் துலா மிதித்த வருடம் அது. அவர் துலாவில் ஏறி நடப்பதைத் தெருவில் நின்று பார்த்தேன். தொடைகளில் பழைய அளவு வந்திருந்தது.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் தலைவரிடம் போனேன்.

"ஓம், ஐயா. நிக்கலாம். ஆனா சந்தியடியிலை தோள் மாத்தவேணும்."

தலைவர் சிரித்தார். "முன்கொம்புக்காரன் தோள் மாத்தினதை நான் பிறந்து காணேல்லை. உமக்குக் களி தலைக்கேறியிட்டுது."

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்படி நினைக்கிற இடத்தில்தான் கவனமாக இருக்கவேண்டும், தம்பிமாரே.

கொடியேறினால் கொம்புக்காரருக்கு விரதம். கடைசி நாள் தீர்த்தம் வரைக்கும் ஒரு நேரச் சாப்பாடு. அது எனக்குத் தெரியும், கணக்கில் எடுத்திருந்தேன். அந்த ஒரு நேரத்தில் என்ன இருக்கவேண்டும் என்று தவமணி அக்காவோடு கதைத்தும் வைத்திருந்தேன். வேட்டைத் திருவிழா அன்று காலை கோயில் கிணற்றடியில் அண்ணை தண்ணீர் அள்ளுவதைக் கண்டேன். வாளி மேலே வந்தது. பிடித்த கை நடுங்கியது. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களோ என்று பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன். தவமணி அக்கா முதலில் சொல்லவில்லை. பிறகு அழுதுகொண்டு சொன்னார். "கொடியேறின நாள் தொடக்கம் இளநீரும் வாழைப்பழமும்தான். நான் போடுற சோத்தை மாட்டுக்கு வைக்கிறார். காய்ச்சலிலை உயிர் தந்ததுக்கு அம்மனுக்கு விரதம் நேந்தவராம். உம்மட்டைச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர்."

சதை வங்கியில் போட்ட காசு மாதிரி அல்ல. ஆறு மாதம் சேர்த்ததுதானே, ஆறு நாள் எடுத்தால் என்ன என்று அது நிற்காது. வெறும் வயிற்றோடு பாரம் தூக்கினால் உடம்பு தன் சதையையே எடுத்து எரிக்கும். அதற்கு முன்பே தலை சுற்றும், கால் தளரும். அன்றிரவு வாகனம் ஊரைச் சுற்றி வரவேண்டும்.

நேர்த்தியை விடுங்கோ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்த உரிமை இல்லை. அந்தக் கொம்பில் நிற்கலாம் என்று சொன்ன பொறுப்பு மட்டும் என்னுடையது. அதை மட்டும் செய்தேன். தலைவரிடம் போய், "ஐயா, நான் சொன்ன ஓமைத் திருப்பி எடுக்கிறன். இண்டைக்கு அவர் நிக்கேலாது" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

அன்றிரவு அந்த இடத்தில் அவர் நிறுத்தியது யாரைத் தெரியுமா? திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு வெளியூர் மருமகனை. ஊர் ஆள் ஒருவனை நிறுத்தினால் இடம் அவனுடையதாகிவிடும். மருமகன் திருவிழா முடியத் தன் ஊருக்குப் போய்விடுவான். அண்ணையின் இடத்தை அவர் வெறுமையாகவும் விடவில்லை, பறிகொடுக்கவும் விடவில்லை. தலைவர் என்றால் இவர்தான் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை சிவபாலன் அண்ணை கொட்டிலுக்கு வந்தார். வாசலிலேயே தொடங்கினார்.

"நீ ஆரடா என்னை இறக்க? உன்னை மாஸ்டர் எண்டு கூப்பிட்டது என்ரை பிழை. என்ரை அப்பு நிண்ட இடத்திலை ஆரோ ஒருத்தன் நிக்க, நான் சனத்துக்குள்ளை நிண்டு பாத்தனான்."

சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"அண்ணை, அம்மனுக்கு நேந்தது நீங்கள். உங்களுக்குப் பின்னாலை நிக்கிறவன் நேரேல்லை. அந்தப் பக்கம் நிக்கிறவனும் நேரேல்லை. நீங்கள் சரிஞ்சால் அவையும் சரிவினம். அவையைக் கேட்டனீங்களோ?"

அன்ரன் மூலையில் இருந்து எழுந்து வந்தான். அன்றைக்கு அவனுடைய குரலில் பகிடி குறைவாக இருந்தது.

"பாலண்ணை, நாங்கள் தவக்காலத்திலை இறைச்சி தொடுறேல்லை. ஆனா வலை இழுக்கிற அண்டைக்குச் சோறு விடுறேல்லை. ஒருத்தன் வெறுவயித்தோடை வந்தால் மற்றவை அவனைக் கயித்திலை கை வைக்க விடமாட்டினம். கோவத்திலை இல்லை. கயிறு எல்லாருக்கும் ஒண்டுதானே."

அண்ணை சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் போனார்.

அன்று பூசை முடிந்து மடத்தில் கொம்புக்காரருக்கு இலை போட்டார்கள். நான் கறி வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தேன். ஒரு இலைக்கு முன்னால் அண்ணை. சோறு, பருப்பு, கௌப்பிக் கறி, முருங்கையிலை வறை, எள்ளுத் துவையல். இலை ஒருமுறை வெறுமையானது. இரண்டாம் முறையும் வெறுமையானது. என்னை நிமிர்ந்து பார்க்காமல், "நேந்தது ஒரு நேர விரதம் எண்டுதானே. என்ன தின்னுறது, எவ்வளவு எண்டு ஐயருக்கும் நான் சொல்லேல்லை, அம்மனுக்கும் சொல்லேல்லை" என்றார். "பருப்பு இன்னும் கொஞ்சம் விடும்."

தீர்த்தத்துக்கு முதல்நாள் தலைவர் மறுபடி கேட்டார். இந்தமுறை உடனே பதில் சொல்லவில்லை. அண்ணையைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டு, பாரத்தைத் தோளில் வைத்து, கொட்டிலைச் சுற்றி நடந்துகொண்டே இந்தப் போக வெங்காயத்தைப் பற்றிக் கதைக்கச் சொன்னேன். விலை, பூச்சி, விதை, பக்கத்துத் தோட்டக்காரனின் வரம்புச் சண்டை எல்லாம் சொன்னார். வசனம் எங்கும் முறியவில்லை, மூச்சு வாங்கவில்லை. தலைவருக்கு ஓம் என்றேன். முதல்முறை உடம்பை மட்டும் பார்த்துச் சொன்னேன். இரண்டாம்முறை ஆளையும் பார்த்துச் சொன்னேன்.

தீர்த்தத்தன்று காலை வாகனம் எழும்பியது. வலப்பக்க முன்கொம்பில் சிவபாலன் அண்ணை. மேளம் முன்னால் போக, அம்மன் அவருடைய தோளில் நேராக வந்தாள். நான் கூட்டத்தோடு பக்கத்தில் நடந்தேன். அவருடைய பிடரியையும் கால்களையும் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. கோயில் வீதி, பெரிய தெரு, சந்தி. கால் தளரவில்லை. முகத்தில் வியர்வை மட்டும். தீர்த்தக் கேணிக்கு இன்னும் தூரம் இருந்தது.

சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய குரல் கேட்டது. மேளத்துக்கு மேலால் தெளிவாகக் கேட்டது.

"தோள் மாத்து!"

பின்னால் நின்றவன் விளங்காமல் விழித்தான். முன்கொம்பில் இருந்து அப்படி ஒரு குரலை அவன் கேட்டதே இல்லை. "வாடா, பிடி, இந்த வளைவு மட்டும்" என்று அண்ணை மறுபடி சொன்னார். அவன் தோளைக் கொடுத்தான். வாகனம் அசையவே இல்லை. அண்ணை கொம்புக்கு வெளியே வந்து, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். தலைவர் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்னால் திரும்பிக்கொண்டார்.

பெண்கள் பக்கத்தில் இருந்து தவமணி அக்கா கூட்டத்தை விலத்திக்கொண்டு ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"இஞ்சாருங்கோ, என்னப்பா? என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை. களைச்சுப்போனன். வளைவு முடிய ஏறுவன்."

அக்கா அப்படியே நின்றுவிட்டார். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அந்த மனிதர் வாயால் களைச்சுப்போனன் என்ற சொல்லை அவர் கேட்டிருக்கமாட்டார். எங்கள் கொட்டிலிலும் அதுவரை ஒரு ஆளும் அதைச் சொன்னதில்லை. சைவக்காரனுக்கு உடம்பு வருமோ என்று இப்போது யாராவது கேட்டால், வரும் என்பேன், ஆனால் என்ன சாப்பிடுகிறீர், களைத்தால் வாய் திறந்து சொல்வீரோ என்று இரண்டையும் கேட்ட பிறகுதான். வளைவு முடிந்ததும் அண்ணை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பக் கொம்புக்குள் போனார். நான் அக்காவுக்குப் பக்கத்தில், கூட்டம் தள்ளிக்கொண்டு போன பக்கமாக நடந்தேன்.